வாசல் திரையில் உன் பெயர்

நைனா,

இன்று காலை கணினியின் மேல் போட்டிருந்த உறையை எடுத்து மடிக்கும்போது அதில் உன் வாசனை அடித்தது. டீசலும் வியர்வையும், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தின் கற்பூரமும் சேர்ந்த வாசனை. எத்தனையோ முறை துவைத்து வெளுத்த துணி, வாசனை இருக்க வழியே இல்லை. இருந்தாலும் அடித்தது, நான் என்ன செய்ய. நீ கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அம்மா உன் காக்கிச் சட்டை ஒன்றைப் பிரித்து இந்த உறையைத் தைத்தாள். சட்டைப் பையை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டாள். அதில் இப்போது பென்டிரைவ் கிடக்கிறது. பைக்கு மேலே, உன் பெயர்ப் பட்டை குத்தியிருந்த இடத்தில், இரண்டு ஊசித் துளைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

உறையை எடுத்தது நான், கணினியைப் போட்டது அம்மா. அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். நீ இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பாய். இது அம்மாவுக்கும் உன் பெயருக்கும் நடுவே நடந்த விஷயம். நடுவில் புகுந்து குழப்பியவள் நான். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மூடிவிட்டுப் போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து நீ ஒரு பழைய கணினியை வாங்கி, சிங்கவரம் சாலையில் இருக்கிற நம் வீட்டுக்கு உன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாய். அதற்கு ஜன்னலோர சீட்டு. அது சாயாமலிருக்க நீ பக்கத்தில் நின்றுகொண்டே வந்தாய். கிழட்டுக் கணினி, கனமான எதையும் தாங்காது என்பதால் நான் அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். கொள்கை, கோட்பாடு எதுவும் எனக்கு அப்போது கிடையாது. அதுதான் சும்மா கிடைத்தது, அதுதான் அதில் ஓடியது.

முதல்முறை அது எழுந்தபோது நடுத்திரையில் ஒரு கட்டம், அதில் என் பெயர், கீழே கடவுச்சொல்லுக்கு ஓர் இடம். நீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாய்.

"இது இன்னா பாப்பா, உள்ள போறதுக்கு முன்னாடியே பேர் கேக்குது?"

இதுதான் உள்நுழைவுத் திரை என்றேன். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் தனித்தனியாகப் பெயரும் படமும் வைக்கலாம், அவரவர் பெயரைத் தட்டினால் அவரவர் இடத்துக்குப் போகலாம். லினக்ஸில் இந்தத் திரை ஒரு தனி நிரல். பிடிக்கவில்லையென்றால் இதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் எதுவும் கெடாது.

"ஊட்ட இடிக்காம வாசக்கதவ மட்டும் கழட்டி மாட்டலாங்கிற."

"ஆமா நைனா."

"அப்ப எனக்கும் ஒங்கம்மாவுக்கும் பேர் போடு."

தையல் மெஷினில் இருந்த அம்மா தலை நிமிராமலே, "எனக்கு எதுக்கு? நான் இன்னா ஆபீசுக்கா போறேன்?" என்றாள். நீ, "பேர் இருக்கட்டும். வந்தா வா, வராட்டி போ," என்றாய். கொஞ்ச நாளில் அவளும் வந்தாள். ஜாக்கெட் கழுத்து டிசைன்களைத் தேடி எடுத்து அளவுக்கு அச்செடுக்கலாம் என்று தெரிந்த பிறகு, நம் மூவரில் அந்தக் கணினியை அதிகம் வேலை வாங்கியவள் அவள்தான்.

அடுத்து நீ கண்டுபிடித்தது பல்சக்கரம். கடவுச்சொல் கேட்கும் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரப் படம் இருக்கும். அதைத் தட்டினால் உள்ளே எந்த மாதிரி முகப்பு வேண்டும் என்று ஒரு பட்டியல் விரியும். நான் சோதித்துப் பார்ப்பதற்காக நாலைந்தைப் போட்டு வைத்திருந்தேன். உனக்குப் பிடித்தது ஜன்னல்கள் ஆடிக்கொண்டே திறக்கிற ஜிகினா முகப்பு. அம்மாவுக்குப் பழைய காலத்து மாதிரி மேலே ஒரு மெனு, பெரிய எழுத்து, அசையாத திரை. எனக்கு ஒன்றுமே இல்லாத வெற்றுத் திரை, எல்லா வேலையும் விசைப்பலகையில். ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் யாருக்கு எது என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். உன்னை மயக்கியது அதுதான்.

"ரெகுலர் பாசஞ்சர நான் கேக்கவே மாட்டேன், எந்த ஸ்டாப்புன்னு எனக்கே தெரியும். புதுசா ஏறுனா கேப்பேன். இதுவும் அப்டியேதான் பண்ணுது பாரு," என்று ஷமீமக்காவைக்கூட வேலியோரம் நிறுத்தி வைத்துச் சொன்னாய். ஷமீமக்கா நம் பக்கத்து வீடு. செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சி உனக்கு ஒரு வருஷமும் தவறியதில்லை. அதே மாதிரி பாவம், உன் பல்சக்கரக் கதையையும் அவர்கள் தவறாமல் கேட்டார்கள்.

நீ ஓய்வு பெற்றபின் அந்தத் திரைதான் உனக்குப் பொழுதுபோக்கு. பிறர் உள்ளே போய் வேலை பார்ப்பார்கள், நீ வாசலிலேயே நின்று வேலை பார்த்தாய். மழை விட்ட ஒரு மாலையில் நம் சாலையிலிருந்து ராஜகிரி மலையை உன் போனில் பிடித்து அதைத் திரைக்குப் பின்னணியாக வைத்தாய். குறுக்கே ஒரு கரண்ட் கம்பி போகிறது. கம்பி இல்லாமல் இன்னொன்று எடுக்கலாமே என்றதற்கு, "நம்ம தெருவுலருந்து பாத்தா கம்பியோடதான் மலை," என்றுவிட்டாய். கடிகாரத்தை இடம் மாற்றினாய். எழுத்தைப் பெரிதாக்கினாய். பெயர்ப் பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில் 'பட்டியலில் இல்லையா?' என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டாய். பட்டியலில் பெயர் தெரியாதவர்கள் அதைத் தட்டி, பெயரைத் தாங்களே அடித்து உள்ளே போகலாம் என்றேன். நம் வீட்டில் அதற்கு வேலையில்லை, எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டேன். "கெடக்கட்டும். ஒரு வழி கூட இருந்தா தப்பு இல்ல," என்றாய்.

ஒருநாள் நான் சென்னையில் அலுவலகத்தில் இருக்கும்போது போன் செய்தாய். "பாப்பா, வாசக்கதவு காணோம்." புதிதாக ஒரு உள்நுழைவுத் திரையை இறக்கிப் போட்டுவிட்டு, அது சரியாக நிற்பதற்கு முன்பே பழையதைக் கழற்றிவிட்டிருந்தாய். கருப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நீ ஒற்றை விரலால் அடித்தாய். எழுத்துக்கு எழுத்து "போட்டுட்டேன், அடுத்து" என்று சத்தம் போட்டதில் என் பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில், "வந்துட்டுது பாப்பா. மலை வந்துட்டுது," என்றாய். அன்றைக்கு உன் குரலில் இருந்த நிம்மதியை நான் அப்போது கிண்டல்தான் செய்தேன்.

எனக்கு இதெல்லாம் வெட்டி வேலையாகத்தான் பட்டது. ஒரு கம்பெனியில் நூற்றுக்கணக்கான கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் நான். என் தொழிலில் உள்நுழைவுத் திரை என்பது கடந்து போகவேண்டிய இடம். பெயர்களைப் பட்டியல் போட்டுக் காட்டுவது திருடனுக்கு வழி சொல்வது மாதிரி என்பது பால பாடம். உன்னிடம் அதைச் சொன்னபோது, "நம்ம ஊட்ல இன்னா நகைக்கடையா நடக்குது?" என்றாய். உன் கடவுச்சொல்லோ நீ கடைசியாகப் போன பஸ்ஸின் நம்பர். ஊரே பார்த்த நம்பர் நைனா அது என்று தலையிலடித்துக்கொண்டேன். "பாத்தவன் ஒருத்தனுக்கும் அதுதான் பாஸ்வேர்டுன்னு தோணாது," என்றாய்.

கணினியைப் போட்டதும் எதுவும் கேட்காமல் நேராக உள்ளே போகிற மாதிரி வைத்துத் தருகிறேன், அம்மாவுக்கும் சுலபம் என்று ஒருமுறை சொன்னேன். அன்றைக்குத்தான் நீ கொஞ்சம் கடுமையாகப் பேசினாய்.

"ஏறும்போது எங்க போறீங்கன்னு கேக்கணும் பாப்பா. கேக்காம ஏத்துனா அது ஆளு ஏத்துறது இல்ல, மூட்ட ஏத்துறது."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் உன் படத்தை எந்த வட்டத்தில் வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, யாரையோ பற்றிச் சொல்வது போலத் தாத்தாவைப் பற்றிச் சொன்னாய். தாத்தா காலமெல்லாம் நடவும் அறுப்புமாக உழைத்த ஒரு வீட்டில் அவருக்கு முன்வாசல் கிடையாது. தோட்டத்துப் பக்கம் வந்து நிற்கவேண்டும். வந்திருக்கிறது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். டேய் என்றால் அவர்தான். "அந்த ஊட்டு நாய்க்கு ஒரு பேர் இருந்துச்சி. எங்க நைனாவுக்கு அந்த ஊட்ல பேர் இல்ல," என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு இன்றுவரை அது மறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததும் யாரும் கேட்காமலே நீ கடையில் எழுதி வாங்கிக் குத்திக்கொண்ட பெயர்ப் பட்டை ஏன் அத்தனை பெரியதாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு உன் வாசல் வேலையில் நான் தலையிடவில்லை.

இனி அம்மா கதைக்கு வருகிறேன்.

அம்மா உன் பெயரைச் சொல்லமாட்டாள். ஏங்க என்பாள், பாப்பா நைனா என்பாள், வெளியாட்களிடம் எங்க ஊட்டுக்காரர் என்பாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் என்னைப் பார்ப்பாள். கடைத்தெருவில் உன் பெயரிலேயே ஒரு துணிக்கடை இருக்கிறது. லைனிங் துணி எங்கே வாங்கினாய் என்று யாராவது கேட்டால், "அதான், அந்த மூலைக் கடை" என்று கையைக் காட்டுவாள். நடுவில் இரண்டு மூலைக் கடைகள் இருப்பது வேறு விஷயம். நீயும் சும்மா இருக்கமாட்டாய். "ஒரே ஒரு தடவ சொல்லு, பஸ்ஸ நிறுத்திட்டு எறங்கி வரேன்," என்பாய். அவள் கத்தரிக்கோலைக் காட்டுவாள். ஊரில் அவள் வயதுப் பெண்கள் பாதிப் பேர் இப்போது சகஜமாகச் சொல்கிறார்கள். அவளுக்கு மட்டும் அது வாய்க்கு வரவில்லை.

ஆனால் உன் பெயர் இருந்த இடத்துக்கு அவள் தினமும் போனாள். சாயங்காலம் நீ குளித்துவிட்டு வரும் நேரத்துக்கு அவளே கணினியைப் போட்டு, திரையில் உன் படத்தைத் தட்டி, பஸ் நம்பரை அடித்து, நீ வைத்திருந்த பழைய பாட்டு வானொலி தானாகத் தொடங்கும் வரை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். படத்தைத் தட்டினால் போதும், பெயரைச் சொல்லவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். நம் வீட்டு வாசல் அவளுக்கு அப்படித் தோதாக இருந்ததை நான் கவனித்ததே இல்லை.

நீ ஐப்பசி மழையில் போனாய். பொங்கலுக்கு நான் வந்தபோது கணினியில் இருந்த லினக்ஸ் பதிப்புக்குக் காலம் முடிந்திருந்தது. புதியதை ஏற்றினேன். ஏற்றும்போது உன் பெயரிலிருந்த உள்நுழைவுக் கணக்கு கண்ணில் பட்டது. ஆள் இல்லாத கணக்கை அழித்துவிட வேண்டும் என்பதும் என் தொழிலின் பால பாடம்தான். அழிக்கக் கை வரவில்லை. ஆனால் தினமும் காலையில் உன் முகத்தில் விழித்து அம்மா மனசொடிந்து போவாளே என்று நினைத்தேன். அதனால் பெயர்ப் பட்டியலை மறைத்தேன். கணினி எழுந்ததும் நேராக அம்மாவின் முகப்புக்குப் போகிற மாதிரி வைத்தேன். நல்லது செய்துவிட்ட திருப்தியில் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

போன வாரம் ஷமீமக்கா போன் செய்தார்கள்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். நான் சொன்னேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லாத."

"சொல்லுங்கக்கா."

"தெனமும் காலைல ஒங்கம்மா என்ன கூப்புடுது. கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் வருது, அதுல ஒங்க நைனா பேர அடிச்சிக் குடுன்னுது. அடிச்சிக் குடுத்துட்டு வந்துடுவேன். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா வெள்ளிக்கிழம நான் பொண்ணு ஊட்டுக்குப் போறேன், வர்றதுக்கு ஒரு மாசம் ஆவும். சொன்னதுலருந்து ஒங்கம்மா மொகம் வாடிக் கெடக்குது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்மா தன் முகப்பிலிருந்து வெளியே வந்தால் திரையில் இப்போது படம் இருக்காது, பெயரை அடி என்று ஒரு வெற்றுக் கட்டம்தான் இருக்கும். அதில் உன் பெயரை அடித்தால் உன் கணக்குக்குப் போகலாம். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியும், தன் பெயரையும் டிசைன் பெயர்களையும் அவளேதான் அடிக்கிறாள்.

"அம்மாவே அடிக்கலாமேக்கா? வாயால சொல்றதுதான ஆவாது, அடிச்சா இன்னா?"

"நல்லா கேட்ட போ," என்று போனை வைத்துவிட்டார்கள்.

நேற்று கிளம்பி வந்தேன். அமாவாசை என்பது திண்டிவனத்தில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. மேல்மலையனூர்க் கூட்டம் பஸ்ஸைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் ஒரு கூடை நிறைய மடியில் வைத்துக்கொண்டு, மஞ்சள் புடவையில் ஒரு பெண்மணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்காளம்மனுக்கு மாலை கட்டத்தான் போகிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். கண்டக்டர் நெரிசலில் நீந்தி வந்து, "எங்க போவணும்மா?" என்றார்.

"செஞ்சி ஒண்ணு. தங்கச்சி ஊட்டுக்குப் போறேன், ஊறுகா போட."

கோயிலுக்கு இல்லையா என்று நானே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "எல்லாரும் கோயிலுக்குப் போவணும்னு சட்டமா இருக்குது?" என்றாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே நம் மலைகள் தெரியத் தொடங்கியிருந்தன. நான் நம் அம்மாவை எங்கே போகிறாய் என்று கேட்கவே இல்லை நைனா. கேட்காமலே ஏற்றிவிட்டேன். மூட்டை மாதிரி.

வீட்டுக்குப் போனபோது அம்மா ஜாக்கெட் கைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷமீம் சொல்லிட்டாளா?"

"யாரும் சொல்லல."

"பொய் சொன்னா ஒங்க நைனா மாதிரியே காத தொடற."

கையை இறக்கிக்கொண்டேன். "தெனமும் நைனா பக்கம் போறியாம்மா?"

"போவேன். டீ குடிக்கிற வரைக்கும். பாட்டு ஓடும். அந்த ஜன்னலு ஆட்டம் போடும். கொஞ்ச நேரம் பாத்துட்டு மூடிட்டு என் வேலைக்கு வந்துடுவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நீ கேக்கல."

திரையில் உன் பெயருக்குப் பதிலாகப் பாப்பா நைனா என்று மாற்றிவிடட்டுமா, அதை அடிப்பது அவளுக்குச் சுலபமாக இருக்குமே என்று கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாணாம். அவரு பேரு அவரு பேராவே இருக்கட்டும். அது அவருக்கு சும்மா வந்தது இல்ல."

"அப்ப ஒனக்கு எப்படி வேணும்னு நீயே சொல்லும்மா."

"முன்ன மாதிரி மூணு பேரும் தெரியணும். எங்க போறதுன்னு நான் பாத்துக்கறேன்." பிறகு துணியை மடித்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போல, "ஷமீமு டக்டக்குன்னு அடிச்சிட்டுப் போயிடுறா. அவளுக்கு அது ஒரு பேரு, அவ்ளோதான்," என்றாள்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். கேட்காமல் உள்ளே போவதை எடுத்தேன். பட்டியலைத் திறந்தேன். புதிய பதிப்பில் அம்மாவின் பழைய முகப்பு காணாமல் போயிருந்தது, அதைத் தனியே தேடிப் போட்டுப் பல்சக்கரத்துக்குள் சேர்த்தேன். மலையை வைத்தேன், கரண்ட் கம்பியோடு. உன் படத்தை அதே வட்டத்தில் வைத்தேன். பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்து தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. அதை நான் தொடவில்லை, நீ கிடக்கட்டும் என்று சொன்னதுதானே.

இன்று காலை. அம்மா ஒரு கையில் டீயோடு வந்து உட்கார்ந்தாள். கணினிக்குள் விசிறி முனகியது, மலை வந்தது, மலைக்குக் கீழே மூன்று பெயர்கள் வந்தன. சுட்டி உன் படத்தின் மேல் போய் நின்றது. தட்டப்போகிறாள் என்று பார்த்தேன். தட்டவில்லை. மெதுவாக இறங்கிப் பொடி எழுத்துக்குப் போனாள். 'பட்டியலில் இல்லையா?' என்பதைத் தட்டினாள். நான்கு மாதமாக அவளைத் தவிக்கவிட்ட அதே வெற்றுக் கட்டம் வந்தது.

தப்பாகத் தட்டிவிட்டாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முதுகைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

டீயைக் கீழே வைத்தாள். ஒற்றை விரலால் உன் பெயரின் முதல் எழுத்தை அடித்தாள். கடவுச்சொல் போல அது புள்ளியாக மறைவதில்லை, அடித்தது அடித்தபடி தெரியும். இன்னோர் எழுத்து. இன்னொன்று. பாதியில் விரல் நின்றது.

"பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லும்," என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விரல் மறுபடி விசையின் மேல் போனது.

"இனிமே கொறையறதுக்கு இன்னா இருக்குது."

மீதியையும் அடித்தாள். அடித்துவிட்டு, விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் வைத்து முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு பஸ் நம்பரை அடித்தாள். உன் ஜன்னல்கள் ஆடிக்கொண்டே திறந்தன, பாட்டு தொடங்கியது. அம்மா டீயை எடுத்துக் குடித்தாள். அழவில்லை. நான்தான் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நாளைக்கு அவள் பெயரை அடிப்பாளா, படத்தைத் தட்டுவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை. அவள் போகவேண்டிய இடம் அவளுக்குத் தெரியும், வழி இரண்டும் திறந்திருக்கின்றன. அடுத்த வாரம் அலுவலகத்தில் எல்லாக் கணினிகளின் உள்நுழைவுத் திரையையும் மாற்றும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. உட்காரப் போகிறவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை பேரிடமும் கேட்பதா என்று மேலாளர் போனில் சலித்துக்கொண்டார். அமாவாசை பஸ்ஸில் ஏறியவர்களை எல்லாம் ஒரே மனிதர் கேட்டிருக்கிறார் சார் என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

இந்த மடல் முழுக்க உன்னை நைனா என்றே கூப்பிட்டிருக்கிறேன். கணினி உறையில் இருக்கும் அந்த இரண்டு துளைகளைப் பற்றி எழுதும்போது உன் பெயரையும் எழுதிவிடலாம் என்று விரல் போனது, நிறுத்திக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து அம்மா முதல்முறையாக அதை எழுதியிருக்கிறாள். இன்றைக்கு அதை எழுதியவள் அவள் ஒருத்தியாகவே இருக்கட்டும்.

உன் பாப்பா